கேட்டுக்கு வெளியே: அருப்புக்கோட்டையிலிருந்து கமுதக்குடி வரை

சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டைக்கு வரும்போது ஊர் இன்னும் முழுதாக விழித்திருக்காது. இறங்குகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் இளவட்டங்கள். பையை வைத்தே ஆளை ஓரளவு சொல்லிவிடலாம். லேப்டாப் பை என்றால் பழைய மகாபலிபுரம் சாலை. ஜிப் பிய்ந்த பெரிய பை என்றால் ஸ்ரீபெரும்புதூர் அல்லது ஒரகடம். விருதுநகர் மானாமதுரை தடம் 2013இல் அகலப்பாதையானது. அதற்குப் பிறகு இந்தக் கரிசல் காட்டுக்கும் சென்னையின் கம்பெனிகளுக்கும் நடுவில் ஓர் இரவுத் தூக்கம்தான் தூரம். போவதற்கு மட்டுமில்லை, திரும்பி வருவதற்கும்.

திரும்பி வந்த ஒருவன் ஸ்டேஷன் வாசலில் பைக்கோடு நின்றான். பாளையம்பட்டியில் இருக்கிற உறவுக்காரப் பையன். சென்னையில் மென்பொருள் வேலை. நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறான். ஊர்க்காரர்கள் கேட்டால் 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பையன் வேலைக்குச் சேர்ந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர் அவன் அப்பா. அதே தெருவில் இப்போது நிமிர்ந்து நடக்க அவருக்கு இந்தப் பொய் தேவைப்படுகிறது. "எங்கெங்க போகணும் சித்தப்பா?" என்றான். வேலை நின்றுபோனவர்களைப் பார்க்கப் போகலாம் என்றேன். சிரித்துவிட்டு, "அப்ப பெட்ரோல் நெறையப் போடணும்" என்றான்.

அருப்புக்கோட்டையைச் சுற்றிலும் வானம் பார்த்த பூமி. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, கொத்தமல்லி. மழை பெய்தால் விளையும். மழையை நம்ப முடியாத ஊர் நூலை நம்பியது. கைத்தறி வந்தது, பின்னால் பஞ்சாலை வந்தது, விசைத்தறி வந்தது. 1977இல் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் வென்றுதான் முதலமைச்சர் ஆனார். பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை கொடுக்கிற திட்டம் 1983இல் அவர் ஆட்சியில் தொடங்கியது. ஏழைக்குத் துணி, தறிக்கு வேலை என்று இரண்டு பக்கமும் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. இன்றைக்கும் வருடத்தில் சில மாதம் தமிழ்நாட்டுத் தறிகள் பலவற்றை ஓட்டிக்கொண்டிருப்பது அந்த ஆர்டர்தான்.

தறித் தெருவுக்குள் நுழையும்போது காலை எட்டு மணி இருக்கும். ஒரு காலத்தில் அந்த நேரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு பாவு ஓட்டுவார்கள். சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது தாராளமாகப் பைக் போகிறது. நாங்கள் போன வீட்டில் தறிக்குழியின் மேல் பலகை போட்டு அதன் மேல் தையல் மிஷினை வைத்திருந்தார்கள். பெரியவர் பக்கத்து வீட்டுத் தறியில் நெய்கிறார், அதுவும் எப்போதாவது. அவருக்கு வேலை போன கதையைக் கேட்டேன். கதையே இல்லை என்றார்.

"சேலைய அறுத்துக்கிட்டுப் போயி முதலாளி கடையில குடுத்தேன். அடுத்த பாவு எங்கன்னேன். இந்த வாரம் பாவு இல்ல, சொல்லி அனுப்புறோம்னாங்க. சொல்லி அனுப்பல. அம்புட்டுத்தான் தம்பி."

எத்தனை வருஷம் அந்தக் கடைக்கு நெய்தீர்கள் என்று பையன் கேட்டான். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து என்றார் பெரியவர். முப்பது நாற்பது வருட வேலை, ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கிறது. அந்த வாக்கியத்தில் 'நீ இனி வேண்டாம்' என்ற சொல்கூட இல்லை. அவர் மேல் யாருக்கும் கோபமில்லை, யாரும் அவரை அனுப்பவும் இல்லை. நூல் கடைக்காரருடையது, தறி இவருடையது, வீடு இவருடையது. அதனால் காகிதத்தில் அவர் யாருக்கும் தொழிலாளி இல்லை, ஆட்குறைப்பும் நடக்கவில்லை.

இதே போல வீட்டில் உட்கார்ந்து, கம்பெனிக்காரன் கொடுக்கிற பொருளை வைத்து வேலை பார்க்கிறவர்கள்தான் தெற்கே திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள். ஆனால் 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்றது. பீடி முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றுவிட்டது. அந்தப் பெண்களுக்கு வருங்கால வைப்பு நிதி கேட்க வழி பிறந்தது அப்படித்தான். கூலிக்கு நெய்கிற கைத்தறிக்காரருக்கு அப்படி ஒரு வழி எளிதில் பிறக்கவில்லை. அவருக்குக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. கோ-ஆப்டெக்ஸ் 1935லேயே ஆரம்பித்தது. நன்றாக நடந்த சங்கங்களில் நெசவாளி தலைநிமிர்ந்து இருந்திருக்கிறார். ஆனால் எல்லாரும் சங்கத்தில் இல்லை. வெளியே நின்றவரின் வேலை கடைக்காரரின் வாயில் இருந்தது.

ஆலைப் பக்கம் போனோம். எந்த ஆலை என்று சொல்லப் போவதில்லை; சொன்னால் டீக்கடையில் எங்களோடு பேசிய அண்ணாச்சியையும் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஸ்பின்னிங்கில் சைடராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இன்னும் இருக்கிறது. பேச்சுக்கு நடுவே இருமி முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். ஓய்வூதியம் எவ்வளவு என்று கேட்டதற்கு ஆயிரத்துச் சொச்சம் என்றார். வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014 செப்டம்பரில் ₹1,000 ஆனது. இன்றுவரை நகரவில்லை.

அவர் சொன்ன சம்பவம் ஒன்றுக்காகவே இந்தப் பயணம் போயிருக்கலாம். நூல் தேங்கி, விலை விழுந்த ஒரு காலம். நிர்வாகம் தொழிற்சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசியது. பதிலி ஆட்களை நிறுத்திவிட்டால் நிரந்தரக்காரர்களுக்கு முழு வேலை தரலாம் என்றது. நிரந்தரக்காரர்களுக்கு நஷ்டமே இல்லாத ஏற்பாடு.

"ரெண்டு நாள் யோசிச்சோம். பொய் சொல்லக் கூடாது, நம்மாட்களே சரின்னாங்க. கேட்டுல கூட்டம் போட்டோம். பதிலிக்காரப் பயலுவ ஓரமா நிக்கிறானுவ, மூஞ்சியப் பாக்க முடியல. மூஞ்சியப் பாத்த பெறகு எவனும் கைதூக்கல. ஆளுக்கு வாரத்துல ஒரு நாளக் கொறச்சுக்கிட்டு எல்லாரையும் வச்சுக்கிருங்கன்னு எழுதிக் குடுத்தோம்."

நிர்வாகம் ஒத்துக்கொண்டதாம். சில மாதம் எல்லாரும் குறைந்த சம்பளத்தில் இருந்திருக்கிறார்கள். "அரிசி வாங்கக் கடன் வாங்குனேன். ஆனா ஒருத்தன் மூஞ்சிக்கும் ஒளிஞ்சு போகல."

நான் எத்தனையோ தொழிற்சங்க மேடைகளில் ஒற்றுமை பற்றிக் கேட்டிருக்கிறேன். மேடையில் அது பெரிய சொல்லாக வரும். இங்கே அது நடந்தது கேட்டுக்கு முன்னால், விட்டுக்கொடுக்கப் போகிறவனும் போகப் போகிறவனும் பத்தடி தூரத்தில் நின்றதால். அதே கேள்வியை ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும் என்று அண்ணாச்சியே சொன்னார். 1990களில் இந்த மாவட்டமே சாதிக் கலவரத்தில் எரிந்தபோது, ராத்திரி ஷிப்ட் முடிந்து போகிறவர்களை ஊர்வாரியாகப் பிரிக்காமல் கலந்து ஒன்றாக அனுப்பினோம் என்றும் சொன்னார். அதை நம்புகிறேன். அதே சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தாரா என்று கேட்டதற்கு அவர் டீ கிளாஸைப் பார்த்தார் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பழைய தொழில் தகராறுச் சட்டம், 1947ஆம் வருடத்தது, வறண்ட மொழியில் எழுதப்பட்டது. ஆனால் அதன் சில பிரிவுகளைப் படிக்கும்போது இந்தக் கேட் கூட்டம் நினைவுக்கு வரும். வேலை கொடுக்க முடியாமல் லே-ஆப் விட்டால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி தர வேண்டும். ஆளைக் குறைப்பதென்றால் காரணத்தை எழுதி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும்; மாற்றிச் செய்தால் ஏன் என்று பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆள் எடுத்தால் போனவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கிற ஆலை என்றால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பணம் இதில் சிறிதுதான். முதலாளிக்குப் பிடிக்காத ஆளைப் பொறுக்கி எடுத்து அனுப்ப முடியாது என்பதுதான் பெரிய விஷயம். மேஸ்திரிக்கு வணக்கம் சொல்லாதவனுக்கும் வரிசையில் அவன் இடம் உண்டு.

"இந்தத் தம்பி என்ன வேல?" என்று அண்ணாச்சி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பையனே சொல்லிவிட்டான், வேலை போய்விட்டது என்று. ஊருக்குள் முதல் தடவையாக அதைச் சொல்கிறான் என்று நினைக்கிறேன். எப்படி என்று கேட்டார். காலையில் மீட்டிங் அழைப்பு வந்தது. திரையில் மேலாளரும் மனிதவளத் துறைப் பெண்ணும். நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் சுத்தமாக வரும் என்றார்கள். மத்தியானத்துக்குள் மெயில் கணக்கு மூடிவிட்டது.

"கூட இருந்தவங்களச் சேத்துக்கிட்டுப் போயிக் கேக்கலையா?"

"யாரோட சேந்து அண்ணாச்சி? நான் ரூம்ல தனியா உக்காந்திருந்தேன். எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். அதே நாள்ல எங்க டீம்ல பாதிப்பேர் போயிட்டாங்கன்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டு இல்லாத வேலையா இருக்கே" என்றார்.

கேட் இருக்கிற வேலையும் இப்போது பழைய மாதிரி இல்லை. ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. வெளிமாவட்டத்துப் பெண் பிள்ளைகள், ஒடிசா, பீகார்ப் பையன்கள். விடுதியிலிருந்து நேரே மிஷினுக்குப் போய்விடுகிறார்கள். ஷிப்ட் மாறும்போது கேட்டில் கூட்டமே இல்லை. டீக்கடைக்காரருக்கு வியாபாரம் பாதி போய்விட்டது. 2023 ஜூலை 15 முதல் தமிழகத்தின் சிறு நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. பஞ்சு விலை, மின் கட்டணம், விற்காத நூல் என்று முதலாளிகள் சொன்ன காரணங்கள் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வந்தன. அந்த நாட்களில் விடுதிப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், யார் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள் என்று படித்ததாக எனக்கு நினைவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோதும் இதே கதைதான். ஆர்டர் நின்ற கணக்கு கோடியில் வந்தது. நின்ற ஆட்களின் கணக்கு வரவில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டையை ஒட்டிப் போகிறது. பந்தல்குடியில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். எட்டயபுரம் தாண்டினால் கடல் காற்று வந்துவிடும். அந்தச் சாலையில் நின்றால் 1908ஐ நினைக்காமல் இருக்க முடியாது. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் அந்த வருடம் பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். தலைவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. எனக்கு ஆச்சரியம் ஊர்தான். ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். வ.உ.சி.யை ஏசிய ஒருவருக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டுப் போனார் என்பது தெற்கே எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. கம்பெனி இறங்கி வந்தது. கூலி ஏறியது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானபோது ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத வண்டிக்காரர்களும் சலவைக்காரர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஆலையின் கேட் அன்றைக்கு ஊரின் நடுவில் இருந்தது.

அந்த ஊர் இன்றைக்கு எங்கே என்று கேட்கத் தோன்றும். சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதன்மைக் கோரிக்கை, நாங்கள் வைத்த சங்கத்தைச் சங்கம் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். ஆலைக்கு எட்டத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதையும் போலீஸ் பிரித்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. நம் வீட்டு டி.வி.யும் ஃபிரிட்ஜும் செய்கிற ஆட்கள்தான். எத்தனை ஊர்களில் அவர்களுக்கு ஒரு படி அரிசி திரண்டது?

மத்தியானம் திருச்சுழிக்குப் போனோம். திருமேனிநாதர் கோயில், அதன் பக்கத்தில் ரமணர் 1879இல் பிறந்த வீடு, குண்டாறு. ஆற்றில் தண்ணீர் இல்லை, இருந்தால்தான் செய்தி. கோயில் வெளிப் பிராகாரத்தின் குளுமையில் அரை மணி நேரம் படுத்திருந்ததைத் தவிர ஆன்மிகமாக நான் எதுவும் செய்யவில்லை.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி வரை இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். விவசாயத்தைக் கெடுத்த மரம் என்று திட்டுகிற அதே ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற மரமும் அதுதான். வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்தால் நாள்கணக்கில் கனிந்து கரியாகும். புகை வருகிற ஓட்டையை மூடிக்கொண்டே இருக்க வேண்டும். தூங்கிவிட்டால் எல்லாம் சாம்பல். சாலையோரம் ஒரு மூட்டத்தைப் பிரித்துக் கரி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மாவிடம் வேலை நிற்கிற நாட்கள் உண்டா என்று கேட்டேன்.

"மழ பேஞ்சா நிப்பு. லாரி வரலைன்னா நிப்பு. வெறகுக்காரரு வேற ஆளக் கூட்டியாந்தா நிப்பு. எங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டா நிப்பாட்டுவாக?"

எரிச்சலோ அழுகையோ இல்லாமல், கையை நிறுத்தாமல் சொன்னார். நூறு நாள் வேலை இருக்கிறதே என்றேன். போன தடவை பார்த்ததற்கே பணம் எத்தனையோ மாதம் கழித்துத்தான் வந்தது என்றார். அது உண்மைதான். 2025 மார்ச்சில் அந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய ₹4,034 கோடி நிலுவை என்று தமிழ்நாடே தெருவில் நின்றது. விருதுநகரையும் பக்கத்து ராமநாதபுரத்தையும் நிதி ஆயோக் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழகத்தில் இந்த இரண்டுக்குத்தான் அந்தப் பெருமை. விழைகிற மாவட்டத்தின் கூலியைத்தான் காலத்தில் தர முடியவில்லை.

நரிக்குடியில் ஆளுக்கு ஒரு பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் பார்த்திபனூர் வழியாக ராமேசுவரம் சாலையைப் பிடித்தோம். கமுதக்குடிக்கு வந்துவிட்டோம். இங்கே இருக்கிற பயோனியர் ஸ்பின்னர்ஸ், தேசிய பஞ்சாலைக் கழகமான என்.டி.சி.யின் ஆலை. நலிந்த ஆலைகளை மூடவிடாமல் தொழிலாளியைக் காப்பாற்ற வேண்டும் என்று 1974இல் நாடாளுமன்றம் 103 ஆலைகளை அரசுடைமை ஆக்கியது. அந்தப் பெரிய குடும்பத்தில் தமிழகத்தில் மிஞ்சியவை ஏழு. கோவையில் ஐந்து, காளையார்கோவிலில் ஒன்று, இங்கே ஒன்று. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்குக்காக நாடு முழுக்க இருந்த என்.டி.சி.யின் 23 ஆலைகளும் நின்றன. ஊரடங்கு முடிந்தது. தனியார் ஆலைகள் ஓடின. என்.டி.சி. ஆலைகளில் சிலவற்றை இடையில் ஓட்டிப் பார்த்தார்கள், நீடிக்கவில்லை. தொழிலாளிக்குப் பாதிச் சம்பளம் என்றார்கள், அதுவும் மாதக்கணக்கில் நிலுவை. கோவையிலும் இங்கேயும் காளையார்கோவிலிலும் சங்கங்கள் கட்சி வித்தியாசம் பார்க்காமல் சேர்ந்து போராடின, டெல்லிக்கு மனு கொடுத்தன.

கேட் பூட்டியிருந்தது. காவலாளி உள்ளே விட முடியாது என்றார். வெளியே நின்று பார்க்கத் தடையில்லை. எதிரில் பேசக் கிடைத்தவர் அங்கே வேலை பார்த்தவர், இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். "மூடிட்டோம்னு சொன்னா கணக்கு முடிச்சுப் பணத்த வாங்கிட்டு மகளக் கட்டிக் குடுத்திருப்பேன். ஓட்டுறோம்னு சொன்னா வேலைக்கு வந்திருப்பேன். ரெண்டும் சொல்ல மாட்டேங்குறாங்க அண்ணே" என்றார். தறித் தெருவில் பெரியவருக்குக் கடைக்காரர் சொன்ன பதில்தான் இது: பாவு இல்லை, சொல்லி அனுப்புகிறோம். சொன்னது மட்டும் இந்திய அரசு.

ஆனாலும் நெசவாளிப் பெரியவருக்கு இல்லாதது இவருக்கு இருக்கிறது. கூட வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று தெரியும். சங்கத்தில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. கூட்டம் என்றால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆலை ஓடாவிட்டாலும் கேட் இருக்கிறது.

கேட் இல்லாதவர்கள் அதைக் கட்டியும் இருக்கிறார்கள். பீடிப் பெண்களுக்கு, சுற்றிய கட்டுகளை அவர்கள் கொண்டு போய்க் கொடுக்கிற கம்பெனிக் கடை வாசலே கேட் ஆனது. 2014 டிசம்பரில் டி.சி.எஸ். நிறுவனத்தில் பலர் அனுப்பப்பட்டபோது, சென்னையில் மென்பொருள் ஊழியர்கள் இணையத்திலேயே ஒருவரையொருவர் தேடிப் பிடித்துக் கூடினார்கள். 2015 ஜனவரியில் கர்ப்பிணி ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2016இல் தமிழக அரசு, ஐ.டி. ஊழியரும் சங்கம் வைக்கலாம், தொழிலாளர் சட்டங்களிலிருந்து அந்தத் துறைக்கு விலக்கு இல்லை என்று தெளிவாகச் சொன்னது. இத்தனையும் நடந்து பத்து வருடம் ஆகியும் என் பக்கத்தில் நின்ற பையனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. 2025 ஜூலையில் அதே டி.சி.எஸ். உலகம் முழுக்கச் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது அவன் தன் நாற்காலி பத்திரமா என்று மட்டும்தான் யோசித்தானாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். படிப்பு அப்படித்தான் அவனைத் தயாரித்தது. நன்றாக வேலை செய்கிறவனுக்கு வேலை போகாது என்று பொறியியல் கல்லூரியில் சொல்லி அனுப்பினார்கள். போனால், தான் நன்றாகச் செய்யவில்லை என்று அவனே முடிவு செய்துகொள்கிறான். வீட்டில் பொய் சொல்லவைக்கிற வெட்கம் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் திறந்து 2014 நவம்பர் 1இல் நின்றது. வரித் தகராறில் சொத்து முடங்கியதால் மைக்ரோசாப்ட் அந்த ஆலையை விட்டுவிட்டுக் கம்பெனியின் கைபேசிப் பிரிவை வாங்கிக்கொண்டது. அங்கே போன் பூட்டிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கையில் வேகம் குறைந்ததா வேலை போயிற்று?

சட்டமும் இப்போது மாறிவிட்டது. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி கேட்க வேண்டிய எல்லை நூறு பேரிலிருந்து முந்நூறு பேராக ஏறிவிட்டது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஆள் எடுத்து, காலம் முடிந்ததும் அனுப்பினால் அது ஆட்குறைப்பே ஆகாது. பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம். இந்த மாவட்டத்திலேயே சாத்தூர்ப் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. வரட்டும், இந்தக் காட்டுக்கு வேலை வேண்டும். ஆனால் வருகிற ஆலைகள் ஒவ்வொன்றிலும் 299 பேர் மட்டும் இருந்தால் எனக்கு ஆச்சரியம் வராது.

கமுதக்குடியில் கேட்க வேண்டியதும் பெரிதில்லை. ஆலையை ஓட்டுங்கள், முடியாது என்றால் முடியாது என்று எழுதிக் கொடுத்து, நிலுவைச் சம்பளம், பணிக்கொடை, இழப்பீடு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுங்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாரையாவது தனியாகக் கூப்பிட்டு ராஜினாமா செய்யச் சொன்னால், அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டாம், திரையில் பொத்தானை அழுத்தவும் வேண்டாம். நீங்களாகப் போனதாகப் பதிவானால் நோட்டீஸும் வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் கேட்கிற வழி பெரும்பாலும் அடைபட்டுப்போகும். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கிடைக்கிற மெயில்களைப் பிரதி எடுத்து வையுங்கள், தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். அதற்கு முன்னால், அன்றைக்கே, கூட வேலை பார்க்கிற இன்னொருவருக்குப் போன் போடுங்கள். அவருக்கும் அதே அழைப்பு வந்திருக்கும்.